இருபத்தேழு சட்டைகள்

அந்த அறைக்குள் நுழையும் எவரும் முதலில் முகர்வது எரிசாராயத்தை. அடுத்துக் கேட்பது ஒரு விதியை. தலை இருந்தால் ஒன்று, தலை இல்லையேல் இல்லை. ஓடையிலிருந்து வலையில் அள்ளிவந்த பூச்சிகள் சாராயத்தில் ஊறும்போது காலும் வாலும் கழன்றுவிடும். கழன்ற காலை ஒருவர் எண்ணி, மிஞ்சிய உடலை மற்றொருவர் எண்ணி, செத்த பூச்சி ஏட்டில் இருமுறை உயிர்பெற்றுவிடக் கூடாது என்பதற்காகப் பிறந்த விதி அது. நன்னீர் உயிரியல் துறை மாணவர்கள் தங்கள் பிறந்த நாளை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

விதிக்கு இரண்டாம் வரி ஒன்றும் உண்டு. அது சுவரில் சற்றுச் சிறிய எழுத்தில் இருந்தது: வெறும் ஓடு, வெறும் கூடு, உரித்த சட்டை ஆகியவை கணக்கில் சேரா. முதல் வரியை மனப்பாடம் செய்வதும் இரண்டாம் வரியைச் சுவரின் பொறுப்பில் விட்டுவிடுவதும் உலக வழக்கம். உடையைப் பார்த்து நாற்காலி போடும் உலகத்தில், பூச்சியின் உடைக்கு மட்டும் மரியாதை குறையுமா என்ன?

அந்தத் துறையின் மாணவர்களில் ஒருத்திக்கு வயது நாற்பத்து நான்கு. பதினெட்டு ஆண்டுகள் நகரின் நீரேற்று நிலையத்தில் வால்வு திருப்பியவள். "இத்தனை வருஷமா தண்ணியைத் திறந்து விடறேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல, நானும் கேக்கல. இப்பக் கேக்க வந்திருக்கேன்" என்று நேர்காணலில் சொல்லி இடம் பிடித்தவள். முதல் நாள் வகுப்புக்குள் அவள் நுழைந்தபோது, பேராசிரியைதான் வந்துவிட்டார் என்று எண்ணி இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். அவள் பேசாமல் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் பம்பக்கா. அன்றே அவள் தனக்குள் ஒரு முடிவும் எடுத்தாள்: தலைமுடிக்குச் சாயம் பூசுவதில்லை, ஆனால் கண்ணாடி மட்டும் போடுவதில்லை. எழுந்து நின்றவர்களுக்கு மேலும் ஒரு காரணம் கொடுப்பானேன்?

நீரேற்று நிலையம் கொடுத்த இரண்டாண்டு விடுப்பு அந்த மாதக் கடைசியில் முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு அலுவலகத்தில் சேர்ந்தால் அவள் நீர்ப் பரிசோதகராகத் திரும்பலாம். சேராவிட்டால் அதே அறை, அதே வால்வு, அதே துருப்பிடித்த சக்கரம். இரண்டாண்டும் விழலுக்கு இறைத்த நீர்.

ஆய்வேடு முடிந்தது போலத்தான் இருந்தது. நகரின் ஓடைக்குச் சாயப் பட்டறைகள் காலங்காலமாகக் கழிவைக் கொட்டிவந்தன. இரண்டாண்டுகளுக்கு முன் கழிவைத் தூய்மை செய்யும் நிலையம் ஒன்று எழுந்தது. நாடா வெட்டினார்கள், கை தட்டினார்கள், கலைந்தார்கள். ஓடை உண்மையில் உயிர்பெற்றதா என்று எண்ணிப் பார்க்க வந்தவள் இவள் ஒருத்திதான். நிலையத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம்; நான்கு பருவங்கள்; ஒவ்வொரு பருவத்திலும் இடத்துக்கு மூன்று என்று இருபத்து நான்கு சீசாக்கள். முழங்கால் அளவு நீரில் நின்று, ஓட்டத்தின் கீழ்ப்புறம் வலையைப் பிடித்து, மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறுவாள். கலங்கி வந்தவை எல்லாம் வலைக்குள். வலையில் வந்தவை எல்லாம் சாராயத்துக்குள்.

அவள் தேடியது கற்பூச்சியை. கல்லடியில் வாழும், வால் இரண்டு, அழுக்கு நீரில் ஒரு நாளும் தரிக்காது. பதவிக்காகக் கொள்கையைத் தூக்கி எறியும் மனிதரைப் போன்றதன்று அது. நீர் கெட்டால் அது இருப்பதில்லை, இருந்தால் நீர் கெட்டிருப்பதில்லை. இரண்டாம் பருவத்தில், நிலையத்துக்குக் கீழே எடுத்த ஐந்தாம் சீசாவில் மட்டும் இருபத்தேழு கற்பூச்சிகள் என்று அவள் எழுதினாள். அந்த எண் துறையின் கண்காட்சியில் ஏறியது. தூய்மை நிலையத்தின் மேற்பார்வையாளர் அதைப் படியெடுத்துச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டினார். மாட்டாமல் என்ன செய்வார்? அவர் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். பிள்ளைகள் நீந்தாதபடி ஓடை வளைவில் போட்டிருந்த கம்பி வேலியை அடுத்த மாதம் எடுத்துவிடலாம் என்று நகர மன்றமும் பேசத் தொடங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை மறுஎண்ணிக்கை. பத்தில் ஒரு சீசாவை வேறொருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது துறையின் ஒழுங்கு. பருவந்தோறும் செய்ய வேண்டியதை, வேலை மிகுதி என்று ஒத்திப்போட்டு, கடைசி வாரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஐந்தாம் சீசா, வகுப்புத் தோழன் கொட்டாவியின் கைக்குப் போயிற்று. பெயருக்கு விளக்கம் தேவையில்லை. அவன் வாய் திறந்தாலே விளங்கிவிடும்.

அரை மணி நேரம் கழித்து அவன் வெள்ளைத் தட்டோடு அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, அஞ்சாம் சீசா உங்களோடதுதானே?"

"ஆமா. இருபத்தேழு. உன் அடுத்த கொட்டாவிக்குள்ள எண்ணி முடிச்சிடலாம்."

"ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"சைபர்."

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "முழிச்சிக்கிட்டுதான் எண்ணினியா?"

"தூங்கியிருந்தா ஒண்ணு ரெண்டாவது கூட வந்திருக்கும்."

அவள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கையை முழுக்க நீட்டிப் பிடித்தாள். "இது என்னடா? தலை இருக்கு, ஆறு கால் இருக்கு, ரெண்டு வால் இருக்கு. இது கற்பூச்சி இல்லன்னா உங்க சித்தப்பாவா?"

"எல்லாம் இருக்குக்கா. உள்ள ஆள் இல்ல. கதவு தொறந்து கெடக்கு, குடியிருந்தவங்க எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"சட்டைன்றியா?"

"சட்டைதான். இருபத்தேழும்."

கற்பூச்சி வளர வளரப் பாம்பைப் போலச் சட்டை உரிக்கும். முதுகு பிளந்து உயிர் வெளியேறும். தலையும் காலும் வாலும் அச்சு அசலாக அப்படியே மிஞ்சும். தலை இருந்தால் ஒன்று என்ற விதியின் கண்ணில் மண்ணைத் தூவ, இயற்கை செய்துவைத்த போலி அது.

"உனக்கு வேணும்னா நுண்ணோக்கியில..." என்று அவள் தொடங்கினாள்.

"அதெல்லாம் எதுக்கு?" அவன் ஒரு கண்ணாடித் தட்டில் சிறு காகிதச் சீட்டு ஒன்றை வைத்து, நீர் விட்டு, அதன் மேல் அந்தப் பூச்சியைப் படுக்க வைத்தான். சாராயத்தில் மை கரைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு சீசாவுக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு போடுவார்கள். அத்தகைய சீட்டு அது. எழுத்து அவளுடையது. "உடம்பு இருந்தா எழுத்தை மறைக்கும். வெறும் சட்டைன்னா எழுத்து தெரியும். பாருங்க, அடியில என்ன எழுதியிருக்கு, படிங்க."

அவள் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள். தட்டைத் தூர நகர்த்தினாள்.

"கீழ், அஞ்சு."

கொட்டாவி சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் வாய் மூடியிருந்த அரிய தருணங்களில் அது ஒன்று.

"அக்கா, இது அஞ்சாம் சீசா சீட்டு இல்ல. மேசையில கெடந்ததை எடுத்து வெச்சேன். இது 'மேல், ரெண்டு'."

தான் எழுதிய எழுத்தைத் தான் படிக்க முடியாமல், இருக்க வேண்டியது இதுதான் என்று எண்ணியதைப் படித்துச் சொல்லிவிட்டாள். இருபத்தேழும் அப்படித்தான் பிறந்தன என்பது அவளுக்கு அந்தக் கணமே விளங்கியது. பெரிய பூச்சிகளைத் தட்டிலேயே வெறுங்கண்ணால் எண்ணுவார்கள். பொடிகள் மட்டுமே நுண்ணோக்கிக்குப் போகும். கையை நீட்டிப் பார்த்தால் அவளுக்கு வால் தெரிந்தது. முதுகின் பிளவு தெரியவில்லை. தெரிந்ததை எண்ணினாள், தெரியாததை ஆசை எண்ணியது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று அவன் கேட்டான்.

"வெள்ளெழுத்துடா. நாப்பதைத் தாண்டினா எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும். நான்தான் தொறக்கல."

அவன் பின்னங்கழுத்தைச் சொறிந்தான். "சரி, ஒண்ணு சொல்லவா? இருபத்தாறுன்னு போட்டுக் கையெழுத்து போடறேன். ஒண்ணு குறைச்சுப் போட்டா நெசமாத் தெரியும். யாரு வந்து சீசாவைத் தொறக்கப் போறா?"

"நீ தொறந்தியே."

"என்னை விடுங்க, நான் தூங்குமூஞ்சி."

"எழுது, சைபர்னு. கையெழுத்தைத் தெளிவா போடு."

அவள் குரலில் வீரம் ஏதுமில்லை. பல்லைப் பிடுங்கிக்கொள்ள வாயைத் திறப்பவரின் குரலாகவே அது இருந்தது. அன்று பகல் மருந்துக் கடைக்குப் போனாள். சுழலும் கம்பித் தட்டில் தொங்கிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டி, ஒரு மருந்து அட்டையின் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தாள். மூன்றாவது கண்ணாடியில் எழுத்து எழுந்து நின்றது.

பேராசிரியை அவளைவிட எட்டு வயது இளையவர். செய்தியைக் கேட்டதும் மறுஎண்ணிக்கைத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"மறுஎண்ணிக்கையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினது நான். அதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். "ஒரு சீசா தப்புன்னா மத்ததையும் நம்ப முடியாது. இருபத்து நாலையும் திரும்ப எண்ணணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"கண்ணாடி போட்டிருக்கேன், மேடம்."

"அது தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

"ஆய்வேட்டுல பழைய எண்ணும் இருக்கணும். ஏன் தப்பாச்சுன்னும் எழுதணும். என் கண்ணைப் பத்தி."

பேராசிரியை நெற்றியைச் சுருக்கினார். "சரியான எண்ணைப் போட்டாப் போதுமே. உங்க கண்ணு எதுக்கு ஆய்வேட்டுல? நாளைக்கு வேலை தரவங்க படிப்பாங்க."

"படிக்கட்டும், மேடம். பம்பு ஹவுஸ் ஏட்டுல நாங்க அழிக்கறதே இல்ல. தப்பான எண்ணு மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது படிக்க முடியணும். மேல சரியான எண்ணு, ஓரத்துல கையெழுத்து. அழிச்சு எழுதினா மறுநாள் வர்றவங்களுக்கு எந்த நேரம் எவ்வளவு தண்ணி போச்சுன்னே தெரியாமப் போயிடும்."

பேராசிரியை மறுத்துப் பேசவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. "முதல்ல எண்ணுங்க" என்றார்.

எண்ணினாள். செவ்வாயும் புதனும் தட்டுக்குப் பின் தட்டு. ஒவ்வொரு கற்பூச்சியும் பென்சில் எழுத்தின் மேல் படுத்து எழுந்தது. எழுத்தை மறைத்தது உயிர் வாழ்ந்த உடல், மறைக்காதது சட்டை. எதிரே அமர்ந்து கொட்டாவி சரிபார்த்தான். வாய்விட்டுக் கொட்டாவி விடும்போதும் அவன் இடுக்கி நடுங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"இவ்வளவு சட்டையும் எங்கேருந்துக்கா வந்துச்சு? கீழ்ப்பக்கம் ஆளே இல்லையே?"

"மேலேருந்து மெதந்து வந்திருக்கு. நான் வலை போட்ட இடம் வளைவுடா. ஓட்டம் அங்கதான் தளரும். பதினெட்டு வருஷம் குழாய்ல குப்பை எங்க தங்கும்னு பாத்தவ, ஓடையில மறந்துட்டேன்."

வியாழன் நண்பகலில் கணக்கு முடிந்தது. மேலிடத்து எண்கள் பெரிதாக மாறவில்லை. அங்கே சட்டைகளும் இருந்தன, சட்டைக்கு உரியவையும் இருந்தன. கீழிடத்தில், நான்கு பருவங்களுக்குமாக அவள் முன்பு எழுதியிருந்த அறுபத்தொரு கற்பூச்சிகளில் மிஞ்சியவை ஆறு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை.

ஆனால் அந்த ஆறும் சிதறிக் கிடக்கவில்லை. முதல் பருவத்தில் இரண்டு. இரண்டாம் பருவத்தில், நான்காம் சீசாவிலும் ஆறாம் சீசாவிலுமாக நான்கு. மூன்றாம் பருவத்தில் எதுவும் இல்லை. நான்காம் பருவத்திலும் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, மூச்சுத் திணறும் சேற்றிலும் தழைக்கும் சிவப்புப் புழுக்கள் அந்த இரு பருவங்களிலும் இரண்டு மடங்காகப் பெருகியிருந்தன. சட்டைகளைக் கூட்டியபோது வரைபடத்தின் கோடு மேலேயே நின்றது. சட்டைகளைக் கழித்தபோது அது ஏறி, பின் விழுந்தது.

"அப்ப மொதல்ல ஓடை தேறியிருக்கு" என்றான் கொட்டாவி. "அப்புறம் என்னமோ ஆயிருக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, 'மேல், ரெண்டு' சீட்டு ஒட்டிய கண்ணாடித் தட்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒரு சட்டையையும் ஓர் உடலையும் சிறு புட்டிகளில் எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் புறப்பட்டாள்.

தூய்மை நிலையத்தின் அலுவலகம், நான்கு திறந்த தொட்டிகளை நோக்கிய ஒற்றை அறை. சுவரில் அவளுடைய இருபத்தேழு, சட்டத்துக்குள் மின்னிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு வயது ஐம்பத்தொன்று, சத்தமாகப் பேசுவார், தொட்டிகளின் இரைச்சலுக்குப் பழகிய தொண்டை.

"வாம்மா வா! என்ன இது மூக்கு மேல? பரிசோதகர்னா கண்ணாடி போட்டுத்தான் ஆகணுமா?"

"அண்ணா, அந்தப் படத்தை எறக்கணும்."

"ஏன், புதுசா போட்டோ கொண்டாந்திருக்கியா?"

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வடிந்து, வெறும் மீசை மட்டும் நின்றது.

"கூடப் பொறந்தவ நீயே இப்படிச் சொன்னா ஊரு என்ன சொல்லும்? மன்றத்துல போயி நான் என்னன்னு நிக்கறது? எண்ணினது நீ. கண்காட்சியில வெச்சது நீ. இப்ப இல்லன்றதும் நீ! உனக்கு எவனோ மந்திரிச்சு விட்டிருக்கான்."

"யாரும் மந்திரிக்கல. நீயே பாரு." தட்டைத் திறந்து, நீர் விட்டு, சட்டையைச் சீட்டின் மேல் படுக்க வைத்தாள். "அடியில என்ன எழுதியிருக்கு, படி."

அவர் குனிந்தார். பின் நிமிர்ந்தார். தட்டைக் கையில் எடுத்து, கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டினார். முழங்கை நிமிர்ந்த பிறகும் எழுத்து தெளியவில்லை.

"கொசகொசன்னு எழுதியிருக்க. உன் கையெழுத்து எப்பவுமே கோழி கிளறின மாதிரிதான்."

அவள் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அவர் அதை வாங்கலாமா என்று யோசித்தது கண்ணுக்குத் தெரிந்தது. வாங்கினார். மாட்டினார்.

"மேல்... ரெண்டு."

அவள் சட்டையை நீக்கி, உடலை அதே இடத்தில் வைத்தாள். "இப்ப?"

"தெரியல. மறைக்குது." வெகுநேரம் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமலே நாற்காலியில் அமர்ந்தார். "எந்த மாசத்துலேருந்து ஒண்ணும் இல்லன்ற?"

அவள் சொன்னாள்.

அண்ணன் மேசை இழுப்பறையிலிருந்து நிலையத்தின் நாளேட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். கண்ணாடி இருந்ததால் ஏட்டை மடியிலேயே வைத்துப் படிக்க முடிந்தது. தொட்டிகளில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். அதை ஊத இரண்டு மோட்டார்கள். "உன் கண்காட்சிக்கு மறுவாரம்" என்றார் அவர், முதன்முறையாகத் தாழ்ந்த குரலில். "ரெண்டாவது மோட்டார நிறுத்திட்டோம். ஓடைதான் பொழைச்சிடுச்சே, ஒண்ணு போதும்னு. உன் எண்ணைக் காட்டித்தான் அனுமதி வாங்கினேன்."

வெளியே ஒரே ஒரு மோட்டாரின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. நாள்தோறும் கேட்டவருக்கு அது முழுமையாகவே ஒலித்திருக்கும்.

ஆக, அவளுடைய எண் பொய்யாக இருந்ததோடு நிற்கவில்லை; வேலைக்கும் போயிருந்தது. ஓடையில் இல்லாத நலத்தை அவள் ஏட்டில் ஏற்றினாள். ஏட்டை நம்பியவர்கள் இருந்த நலத்தையும் ஓடையிலிருந்து இறக்கினார்கள். எண்ணைத் தொழுபவர் எண்ணியதைச் சோதிப்பதில்லை. சோதிப்பவருக்குத் தொழ நேரமிருப்பதில்லை.

அண்ணன் எழுந்து தொட்டிகளுக்கு அப்பாலிருந்த கொட்டகைக்குப் போனார். அவள் பின்தொடர்ந்தாள். அவர் நெம்புகோலை உயர்த்தினார். மோட்டார் முனகியது, இருமியது, நின்றது. மீண்டும் உயர்த்தினார். இம்முறை அது பிடித்துக்கொண்டது. இரண்டாம் தொட்டியின் கலங்கிய நீரில் குமிழிகள் கொப்பளிக்கத் தொடங்கின. அவள் கைக்குறிப்பேட்டில் பென்சிலால் நேரத்தைக் குறித்தாள்: மூன்று நாற்பது.

"வேலியை எடுக்க வேணாம்னு நானே மன்றத்துல சொல்லிடறேன்" என்றார் அண்ணன். "புள்ளைங்க இன்னும் ஒரு வருஷம் திட்டுவாங்க."

"என்னைத் திட்டச் சொல்லு."

"உன்னைத் திட்ட நான் இருக்கேன், ஊரு எதுக்கு?" கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "இது எந்தக் கடையில?"

வெள்ளி மாலை நான்கரை மணிக்கு ஆய்வேடு தைத்து வந்தது. பழைய அட்டவணை அப்படியே இருந்தது. கீழிடத்துக் கூட்டலில் அறுபத்தொன்றின் மேல் ஒரே ஒரு கோடு. அதன் மேலே ஆறு. ஓரத்தில் அவள் கையொப்பம், அதன் கீழ்க் கொட்டாவியினுடையது. அடுத்த பக்கத்தில், முதல் எண்ணிக்கையாளருக்கு வெள்ளெழுத்து இருந்ததும் அவர் கண்ணாடி அணியாததும், அந்த எண்ணை நம்பி மோட்டார் நிறுத்தப்பட்டதும், மீண்டும் ஓடத் தொடங்கிய நாளும் நேரமும் எழுதப்பட்டிருந்தன. பேராசிரியை அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து கையொப்பமிட்டார்.

அலுவலக எழுத்தர் நான்கு ஐம்பதுக்குப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். முத்திரையைத் தூக்கியவர் ஓரிடத்தில் கையை நிறுத்தினார்.

"இங்க கோடு போட்டிருக்கே. அச்சுப் பிழையா?"

"இல்லைங்க" என்றாள் அவள். "அச்சு சரியா இருக்கு. பிழை என்னோடது."

எழுத்தர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். மணியைப் பார்த்தார். முத்திரையைக் குத்தினார்.